நியூட்ரினோ படிக்கணும் என்கிற மகள்

வணக்கம் அம்மா. “நல்ல மார்க் வாங்குகிற பெண், இன்ஜினியரிங் வேண்டாம், நியூட்ரினோதான் படிப்பேன் என்கிறாள். இது சோறு போடுமா?” என்று கேட்டிருந்தீர்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அவள் எதில் மனதைப் பறிகொடுத்திருக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போய்விடும் ஒரு நுண்துகள்; அதைப் பிடிப்பதே பெரும்பாடு.

தென் துருவத்துப் பனிக்குள் 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை 5,160 கண்ணாடி உருண்டைகளை 86 வடங்களில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெயர் ஐஸ்கியூப். ஒவ்வோர் உருண்டையும் ஒரு பூசணிக்காய் பருமன். எப்போதாவது ஒரு நியூட்ரினோ பனியில் மோதினால் மங்கலான நீல வெளிச்சம் எழும்; அதை உள்ளே இருக்கும் கருவி பிடித்துவிடும். 2017 செப்டம்பர் 22 அன்று ஒரு நியூட்ரினோ அங்கே தடம் விட்டது; 43 நொடியில் உலகத்துத் தொலைநோக்கிகளுக்குத் தகவல் போய்விட்டது. அது வந்த திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற விண்மீன் மண்டலம் இருந்தது. அதன் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை நம் பக்கம் பீய்ச்சும் தாரை அந்தச் சமயம் கொந்தளித்துக்கொண்டிருந்ததை, காமா கதிர் என்ற ஆற்றல் மிகுந்த ஒளியைப் பார்க்கும் ஃபெர்மி செயற்கைக்கோள் கண்டது.

கேட்கவே சிலிர்க்கிறது இல்லையா? ஆனால் தினசரி வேலை வேறு மாதிரி. நம் காற்றுமண்டலத்தில் பிறக்கும் மியூவான்கள் என்ற வேறு நுண்துகள்கள் நொடிக்கு 3,000 அளவில் அந்தக் கருவியில் பதிவாகின்றன. அத்தனையையும் கழித்துவிட்டுத்தான் தூரத்திலிருந்து வந்த ஒன்றைத் தேட வேண்டும். அந்த 2017 பொருத்தம்கூடத் தற்செயலாக இருக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பழைய பதிவுகளைத் தோண்டியபோது 2014-15இல் அதே திசையிலிருந்து சுமார் பதின்மூன்று நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்தது தெரிந்தது; அப்போதோ காமா கதிரில் கொந்தளிப்பே இல்லை. ஏன் என்பது இன்னும் தீராத புதிர். இப்படித் தீராத ஒன்றோடு வருடக்கணக்கில் உட்காரும் பொறுமைதான் இந்தப் படிப்புக்கு முதல் தகுதி. மார்க் அப்புறம்தான்.

பணத்துக்கு வருவோம். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம், பிஎச்.டி. இன்னும் ஐந்தாறு வருடம். பிஎச்.டி.யில் உதவித்தொகை உண்டு; ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாய் ஆனது. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, இதை மறைக்க மாட்டேன். ஆனால் இரைச்சலிலிருந்து உண்மையைப் பிரிக்கும் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கையில் இருந்தால் மென்பொருள், வங்கி, மருத்துவப் படக்கருவி என்று வேறு கதவுகளும் இருக்கின்றன.

ஐசர், நைசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வுகளை எழுதட்டும். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு. இதுவும் நல்ல பாதை. தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கொட்டாதீர்கள்.

ஐஸ்கியூப் தன் தரவுகளில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அதைப் பதிவிறக்கி பைத்தானில் ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைச் செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கிறாளா என்று கவனியுங்கள். அதைப் பார்த்துவிட்டு இருவருமாக வாருங்கள், பேசலாம். ஐசர் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மட்டும் இன்றே பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.