‘பால் வற்றுகிற மாத்திரை’ தம்பியைப் பேச வைக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூளையில் நீர் கோர்த்ததால் சிறுவயதிலேயே அதை வடிக்க ஷன்ட் குழாய் வைத்தோம். அது அடைத்துக்கொண்டதால் இந்த வருடம் மட்டும் மூன்று ஆபரேஷன். இப்போது கண் திறந்து பார்க்கிறான்; பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. வீம்பு பிடிக்கிறான் என்கிறார்கள் உறவினர்கள். ஒருநாள் அத்தையின் போனைக் காதில் வைத்தபோது “ஹலோ” என்றான், அதோடு சரி. டாக்டர் புரோமோகிரிப்டின் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரரோ, “இது பால் வற்றுவதற்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே” என்கிறார். கொடுக்கலாமா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்கலாம். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. டோபமின் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இந்த மாத்திரை செய்கிறது. அந்த வேலைகளில் ஒன்று பால் சுரப்பைக் கட்டுப்படுத்துவது. இன்னொன்று, பேசவும் அசையவும் மூளைக்கு உந்துதல் தருவது. பார்க்கின்சன் நோய்க்கும் இதைக் கொடுப்பது அதனால்தான்.

டோபமினைச் சுமக்கும் நரம்பிழைகள் நடுமூளையிலிருந்து நெற்றிப்பக்க மூளைக்கு ஏறுகின்றன. வழியில் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை ஒட்டியே போகின்றன. ஷன்ட் அடைக்கும்போதெல்லாம் அறை வீங்கி அவற்றை இழுக்கிறது. பிறகு நீர் வடிந்து ஸ்கேன் சரியாகத் தெரிந்தாலும், இழுபட்ட இழைகள் உடனே வேலைக்குத் திரும்புவதில்லை. கையில் வலு இருக்கும், நாக்கும் நன்றாக இருக்கும். தொடங்கவேண்டும் என்ற உந்துதல் மட்டும் எழாது. அகைனெடிக் மியூட்டிசம் என்பது இதன் பெயர். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹ்யூ கெய்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைப் பார்த்து எழுதினார். மூளையின் மூன்றாம் அறையில் இருந்த நீர்க்கட்டியை வடித்ததும் அவள் பேசினாள்.

உங்கள் தம்பி “ஹலோ” சொன்னதும் புதிதல்ல. நேரில் வாய் திறக்காத இத்தகைய நோயாளிகள் சிலர் போனில் பதில் சொல்வதுண்டு. போன் மணி பழகிப்போன தூண்டுதல் அல்லவா! உறவினர்களிடம் சொல்லுங்கள்: வீம்பு பிடிக்கவும் டோபமின் வேண்டும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஷன்ட் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறுவை மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். மூளைக்குள் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தால் எந்த மாத்திரையும் உதவாது. மருந்து தொடங்கிய பிறகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் மாத்திரையால்தான் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், குமட்டல் குறையும். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். உட்கார வைக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல் நடந்துகொண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. குமட்டலுக்கு மெட்டோக்ளோப்ரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது டோபமினைத் தடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதையாகிவிடும்.

எல்லோருக்கும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். இந்நோய்க்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. ஒவ்வொரு நோயாளியாகப் பதிவான அனுபவங்கள்தான் இருக்கின்றன. சிலர் சில நாட்களிலேயே பேசியிருக்கிறார்கள், சிலருக்கு வாரங்கள் ஆகின்றன. இது போதாவிட்டால் லெவோடோபா போன்ற வேறு மருந்துகளும் உண்டு.

தினம் ஒருமுறை அத்தையை அழைக்கச் சொல்லிப் போனைக் காதில் வையுங்கள். என்ன சொன்னான், எந்தக் கையை அசைத்தான் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது ஸ்கேன் படங்களோடு அந்த நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.