எவ்வளவு அழுத்தித் தேய்க்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. தினமும் மசாஜ் செய்தால் மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று படித்து, செய்துவருகிறேன். சில நாள்களில் பாதியிலேயே அழுகிறாள். பழகட்டும் என்று தொடரலாமா? எவ்வளவு அழுத்தம் தர வேண்டும்?

பதில்: தொடர வேண்டாம், அழுதால் அன்றைக்கு அத்துடன் விட்டுவிடுங்கள். அழுவதற்கு முன்பே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முதுகை வில்லாக வளைக்கும், விரல்களை விறைப்பாக விரிக்கும். இவை 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். அதைப் புரிந்துகொண்டு நீங்கள் கையை எடுக்கும்போது, தான் சொல்வது அம்மாவுக்கு எட்டுகிறது என்பதைக் குழந்தை அறிகிறது. என்னைக் கேட்டால், மசாஜில் கிடைக்கும் முதன்மையான தூண்டலே இதுதான்.

மசாஜின் பயன் தெளிவாகத் தெரியவந்தது குறைமாதக் குழந்தைகளிடம்தான். டிஃபனி ஃபீல்டு என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம் 10 நாள்கள் மசாஜ் பெற்ற குழந்தைகளின் அன்றாட எடைக்கூடுதல், அதைப் பெறாத குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு பால்தான் குடித்திருந்தனர். மிதமான அழுத்தம் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து வயிறுவரை செல்லும் நரம்பு) தூண்டி, இரைப்பையின் இயக்கத்தைக் கூட்டுகிறது என்பது அவர்கள் பின்னர் தந்த விளக்கம். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அறிவுத்திறன் கூடும் என்று சொல்லும் அளவுக்கு வலுவான சான்றுகள் இல்லை. (விளம்பரங்கள் சொல்வது வேறு கதை.) ஆனாலும் தொடுகை, முகம், குரல் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் நேரம் என்பதால் அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, விரல்பட்ட இடத்தில் தோல் லேசாக உள்வாங்கினால் போதுமானது. இறகுபோல் வருடினால் குழந்தைக்குக் கூச்சமே மிஞ்சும். கால்களில் தொடங்கி, வயிற்றைக் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது. பால் குடித்தவுடன் வேண்டாம், அரை மணி நேரமாவது கழியட்டும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் தோலின் காப்பு அடுக்கைத் தளர்த்தக்கூடியது என்பதால், வறண்ட சருமமோ எக்சிமாவோ (அரிப்புடன் வரும் தோல் அழற்சி) உள்ள குழந்தைக்கு அதைத் தவிருங்கள். காய்ச்சல் இருக்கும் நாள்களில் மசாஜே வேண்டாம். தடுப்பூசி போட்ட இடத்தை வீக்கம் வடியும்வரை தொடாதீர்கள்.