சுரங்கம் தோண்டும் முன்பே தண்ணீர் கெடுமா என்று கணிக்க முடியுமா?

அனுமதி கேட்கும் சுரங்க நிறுவனங்களின் அறிக்கைகளில் ‘நீர் மாசுபடாது’ என்று எழுதியிருப்பதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது ஒரே ஒரு பக்கத்தைத்தான்: பாறையை எத்தனை வாரம் சோதித்தார்கள்? சுரங்கப் பாறைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததால் வந்த பழக்கம் இது.

தங்கம், செம்பு கிடைக்கும் பாறைகளில் பல இடங்களில் பைரைட்டும் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்கடியில் கிடக்கும்வரை தொல்லையில்லை. உடைத்து வெளியே குவித்தால், காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அதே பாறையில் கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட் கனிமம் இருந்தால் அமிலத்தை முறித்துவிடும். ஒரு டன் பாறையில் 1 சதவீதம் கந்தகம் பைரைட்டாக இருந்தால், முறிக்க 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும். வரவு செலவுக் கணக்குதான்.

எப்போது அமிலம் வரும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்காக ஒரு கிலோ உடைத்த பாறையை உருளையில் இட்டு, மூன்று நாள் உலர்ந்த காற்றும் மூன்று நாள் ஈரக்காற்றும் செலுத்தி, ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றி வடித்துச் சோதிப்போம். வாராவாரம் இப்படியே. குறைந்தது 20 வாரம் என்பது வழக்கம். பலர் அந்தக் குறைந்தபட்சத்தையே முழுச் சோதனையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் இருபதாவது வாரத்தோடு நிறுத்தச் சொன்னார். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏழுக்கு மேலேயே இருந்தது; ஏழுக்குக் கீழே இறங்கினால்தான் அமிலம். ஆனால் பைரைட் அமிலமாக மாறும்போது வரும் சல்பேட் வடிநீரில் குறையவே இல்லை. உள்ளே அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது, கால்சைட் அதற்கு ஈடுகொடுத்துத் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் மேலாளர் மன்றாடிச் சோதனையை நீட்டிக்க வைத்தார். ஓராண்டு கடந்து ஒரு நாள் பிஎச் ஐந்துக்குக் கீழே இறங்கியது. கருவி பழுதோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. அந்த உருளையில் பிஎச் பிறகு ஏறவே இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் சார்ட்மன்-லாண்டஸ்கி தங்கச் சுரங்கம் 1979இல் தொடங்கியது. மேல்மட்டத்தில் இருந்தது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த பாறை; அமில நீரை அப்போதைய ஆய்வு எதிர்பார்க்கவில்லை. ஆழம் போகப்போகப் பைரைட் உள்ள கந்தகப் பாறை வந்தது, அமிலமும் வந்தது. 1998இல் நிறுவனம் திவாலானது. அது கட்டியிருந்த பிணைத்தொகை போதாமல், நீரைச் சுத்திகரிக்கும் செலவு அரசின் தலையில் விழுந்தது. பக்கத்திலேயே ஃபோர்ட் பெல்க்னாப் பழங்குடியினரின் நிலம். அவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது தனிக்கதையும் அல்ல. கைப்பர்ஸ், மேஸ்ட் என்ற ஆய்வாளர்களும் அவர்கள் குழுவினரும் 2006இல் அமெரிக்கச் சுரங்கங்கள் 25ஐ எடுத்து, அனுமதி ஆவணங்களின் கணிப்பையும் பின்னர் கிடைத்த நீரின் அளவுகளையும் ஒப்பிட்டார்கள். 19 இடங்களில் நீர் தர வரம்பு மீறப்பட்டிருந்தது.

ஆகவே உங்கள் ஊர் அறிக்கையில் இவற்றைப் பாருங்கள். தோண்டப்போகும் ஆழம் முழுவதிலிருந்தும் மாதிரி எடுத்தார்களா? பிஎச்சை மட்டும் பார்க்காமல் ஆர்சனிக், துத்தநாகம், செலினியம் ஆகியவற்றையும் அளந்தார்களா? அமிலமே இல்லாத நீரிலும் இவை கரைந்து வரும். கணிப்பு பொய்த்தால் சுத்திகரிப்புக்கு யார் பணம், எத்தனை ஆண்டுகளுக்கு? அந்தத் தொகையை முதல் வெடி வைக்கும் முன்பே கட்டச் சொல்லுங்கள்.