பிடியரிசி

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்தில் ஆலயத்தை மூடியபோது யூடியூபில் ஆராதனை பார்க்கத் தொடங்கினேன். திறந்த பிறகும் போகவில்லை. சபைத் தேர்தல், கோர்ட் வழக்கு, சாதிக்கொரு கல்லறை என்று எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. தினமும் வேதம் வாசிக்கிறேன். யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நோபிலி பாதிரியாரும் இதே மதுரையில் தனிக்குடிசையில் துறவியாக வாழ்ந்தவர்தானே? கிறிஸ்தவனாக இருக்க எனக்குச் சபை எதற்கு?

சே., வில்லாபுரம்

அன்புள்ள சே.,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து ஒரு மண்கலயம் கிடைத்தது. வாய் கொஞ்சம் உடைந்திருக்கிறது. ஒரு வாரமாக மேசைமேல் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தேர்தல், வழக்கு பற்றி நீங்கள் எழுதியது உண்மை. அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

தத்துவ போதகரை மட்டும் விட்டுவிடுங்கள், தம்பி. ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சபை இருந்தது. கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பரதவ கிறிஸ்தவர்களை வைத்து நடத்திய சபை. நோபிலி அந்தப் பாதிரியாரின் வீட்டை விட்டு வெளியேறினார். காவி உடுத்தினார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார், தம்மிடம் வந்தவர்களுக்கெனத் தனிக்கோயில் கட்டினார். சிவதர்மர் என்ற ஆசிரியரிடம் சமஸ்கிருதம் கற்றார். அவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். அவர் பிரிந்து வந்தது மனிதர்களிடமிருந்து அல்ல, பரதவர்களிடமிருந்து. ரோமாபுரி 1623இல் அவருடைய முறைக்கு அனுமதி தந்தது. அவருடைய தமிழுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் சாதிக்கொரு கல்லறையைக் கண்டு கோபப்படுகிற நீங்கள், ஒரே ஊரில் இரண்டு கோயில் வைத்த மனிதரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்களே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விடாதவர்களைச் சபையில் வைத்திருப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. சாதி விட்டதற்கு அடையாளமாக அவர்கள் கேட்டது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை. விசுவாசப் பிரமாணம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒரு கவளச் சோற்றில் சிக்கினார்கள். பலர் எழுந்து போய்விட்டார்கள். தனியாக வேதம் வாசிப்பவருக்கு இந்தச் சோதனை வரவே வராது. யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை என்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் யார்தான் யோக்கியர் இல்லை?

தினமும் ஜெபிக்கிறீர்கள் அல்லவா? கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிப் பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." 'எனக்கு' என்று ஒரு சொல் அந்த ஜெபம் முழுவதிலும் கிடையாது. அறைக்குள் பூட்டிக்கொண்டு தனியாகச் சொன்னாலும் 'எங்கள்' என்றுதான் சொல்லியாக வேண்டும். யார் அந்த நாங்கள்? உங்களையும் யூடியூபையும் தவிர வேறு யார் இருக்கிறார்கள் அதில்? கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை, சோறு. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆறாம் அதிகாரத்துக்கு வருவதற்குள் சபையில் சண்டை வந்துவிடுகிறது. அதுவும் சோற்றுச் சண்டை. அன்றாட விசாரணையில், அதாவது சாப்பாடு பரிமாறுவதில், எங்கள் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று கிரேக்கம் பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். பந்தி விசாரணைக்கென்று ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. பவுல் கொரிந்து சபையாரைத் திட்டியதும் பந்திக்காகத்தான்: ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார் என்று.

அந்தக் கலயம் பிடியரிசிக் கலயம். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்கள் ஊர். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அம்மா அதில் போடுவார். அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும், குதிரிலிருந்து தனியே எடுத்தால் கணக்கில் வராது என்பது அவருடைய சட்டம். வீட்டில் யாருக்காவது ஒரு வாய் குறைய வேண்டும். பெரும்பாலும் அது அவருக்குத்தான் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பிடியரிசியையும் ஆலயத்தில் ஒரே ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். உபதேசியார் வீட்டுக்குக் கொஞ்சம், இல்லாத வீட்டுக்குக் கொஞ்சம் என்று போகும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மழை பொய்த்தது. ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு உபதேசியாரின் மனைவி பின்வாசல் வழியாக வந்தார். முந்தானைக்குள் ஒரு பெட்டி. "அக்கா, பாத்திரம் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னார். புழுங்கல், பச்சை, சிவப்பு, குருணை எல்லாம் கலந்த அரிசி. ஒன்று குழைந்தபோது இன்னொன்று விதையாகக் கிடந்தது. அம்மா எவ்வளவு கிளறியும் ஒரே பதத்துக்கு வரவில்லை.

அப்பா தட்டைப் பார்த்தார். பக்கத்துக் காட்டுக்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு. எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதுகூட ஆளுக்கொரு ஓரம். அந்த வீட்டிலிருந்தும் வாரா வாரம் பிடியரிசி வரும் என்பது அப்பாவுக்குத் தெரியும். தட்டைத் தள்ளி வைத்தார்.

அம்மா அகப்பையைக் கீழே வைக்காமல் சொன்னார்: "எது அவன் அரிசி என்று பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள்."

வெகுநேரம் கழித்து அப்பா சாப்பிட்டார். மனம் மாறிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்பா சாகும்வரை அந்த வரப்பை ஒரு சாண்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரும்தான். ஆனால் அப்பாவின் பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிய ஆறு பேரில் அவர் ஒருவர். வரப்பு வழியாகப் போனால் கிட்டம் என்று அவர்தான் வழி சொன்னார்.

யூடியூப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பாருங்கள், தப்பில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி இரண்டு ஆண்டுகள் என் ஃபோனில்தான் ஆராதனை பார்த்தார். ஆசீர்வாதம் சொல்லும்போது தலையணையிலேயே தலையைக் குனிந்துகொள்வார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்பிக் காட்ட மாட்டார்களா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். கேமரா பீடத்தை விட்டு நகராது.