டெக்ஸா குளிசையை நிறுத்தலாமா? திருகோணமலை உப்புவெளி வாசகிக்குப் பதில்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. மூளையில் கிளியோபிளாஸ்டோமா கட்டி. கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சையும் டெமோசோலமைட் என்ற கீமோ குளிசையும் எடுத்தோம். இப்போது கட்டி திரும்ப வளர்ந்துவிட்டது, இனிக் குணமாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டெக்ஸாமெத்தசோன் போடத் தொடங்கியதிலிருந்து முகம் ஊதிவிட்டது, இரவில் தூக்கமில்லை, கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை, எல்லாவற்றுக்கும் கோபம். இரண்டு தடவை வலிப்பும் வந்தது. குளிசைகளை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியம் பார்க்கச் சொல்லிச் சொந்தக்காரர் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? திரும்பவும் மகரகமவுக்குக் கொண்டுபோகவேண்டுமா? அவருக்கு நாங்கள் விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை.

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாவை நீங்களாக நிறுத்தவேண்டாம், ஒரு நாள்கூட. இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இந்தக் குளிசையைப் போட்டவரின் உடம்பு, தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீரொய்டைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் பிரஷர் விழும், வாந்தியும் மயக்கமும் வரும், மூளையின் வீக்கமும் திரும்ப ஏறும். வாந்தியால் குளிசை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஊசியாக ஏற்றுவார்கள்.

ஆனால் "குறைக்கலாமா?" என்பது வேறு கேள்வி. அதை நீங்கள் கட்டாயம் கேட்கவேண்டும். ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதில் பாதி கட்டியின் வேலை அல்ல, மருந்தின் வேலை. நோய் முற்றிவிட்டது என்று வீடு முழுவதும் உடைந்துபோய் இருக்கும்போது, அதில் ஒரு பகுதியையாவது மருந்தின் அளவை மாற்றிச் சரிப்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டி, அதைச் சுற்றிய வீக்கம், மருந்து என்று மூன்றும் சேர்ந்துதான் அவரை இப்படி ஆக்கியிருக்கின்றன. எதனால் எது வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் நல்ல நாட்கள் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

டெக்ஸா கட்டியைக் கரைக்காது. கட்டியைச் சுற்றி நீர் கோர்த்து மூளையை அழுத்துவதைக் குறைக்கும். தலையிடியும் பேச்சுத் தடுமாற்றமும் இரண்டொரு நாளில் குறைவது அதனால்தான். அந்தப் பலன் தெரிந்தபிறகு, அதைக் காப்பாற்றக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குப் படிப்படியாக இறங்கவேண்டும். பல வீடுகளில் வாட்டில் எழுதிக்கொடுத்த அளவே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கதிரையிலிருந்து எழும்ப முடியாமை பெரும்பாலும் இந்த மருந்து தொடைத் தசையைக் கரைப்பதால் வருவது. ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் சோர்ந்தால் கட்டியையோ வீக்கத்தையோ யோசிக்கவேண்டும். இரண்டு தொடையும் ஒன்றாகச் சோர்ந்து, படியேறவும் கழிவறையில் எழும்பவும் கஷ்டம் என்றால் மருந்தைச் சந்தேகியுங்கள். இந்த வித்தியாசத்தைக் கிளினிக்கில் தெளிவாகச் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன மாற்றமே போதுமாக இருக்கலாம். டெக்ஸாவைக் காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். இரண்டு வேளை என்றால் இரண்டாவதைப் பகல் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். பின்னேரம் போட்டால் விடிய விடியக் கண் மூடாது. அடிக்கடி தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீரும் போனால் சீனியைச் சோதியுங்கள். முன்பு நீரிழிவு இல்லாதவருக்கும் இந்த மருந்தால் ஏறும். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பூஞ்சை, சொட்டு மருந்தில் போய்விடும். அவர் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினால் அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கோபத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று நினைக்கிறேன். டெக்ஸா கோபத்தைக் கிளப்பும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிரசெட்டாம் என்ற குளிசையும் சிலரை எரிச்சல்காரர் ஆக்கும். கட்டி நெற்றிப் பக்க மூளையில் இருந்தால் தன்னை அடக்கும் சக்தியே குறைந்துவிடும். இந்த மூன்றில் எதுவானாலும், உங்களைத் திட்டுவது இத்தனை வருடம் உங்களோடு வாழ்ந்த மனிதர் அல்ல. அந்த நேரம் வாதாடவேண்டாம், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், ஆட்களைக் குறையுங்கள். லெவெட்டிரசெட்டாம் போடுகிறார் என்றால், "இதற்குப் பதிலாக வேறு மருந்து தரலாமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். தரலாம். நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள், வலிப்பு தொடர்ந்து வரும்.

வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்காதீர்கள், கையில் இரும்பு திணிப்பதில் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வராமல் அடுத்தது வந்தாலோ 1990-க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். வீட்டிலேயே வைத்திருந்து கன்னத்தின் உட்புறம் விடவோ ஆசனவாயில் வைக்கவோ ஒரு மருந்து தரமுடியுமா என்றும் கேட்டுவையுங்கள். குளிசை விழுங்க முடியாத நாள் வரும்போது அது கைகொடுக்கும். மோட்டார் சைக்கிள் இனி வேண்டாம். கிணற்றடியில் தனியாகக் குளிக்கவும் விடாதீர்கள். கிணற்றுக்கட்டுக்கு அருகே வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதிரையில் இருத்தி வாளித் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். கடல் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகக் கூட்டிப்போங்கள், கரையில் இருக்கட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளைக்கட்டி உள்ளவர்களுக்குக் காலில் இரத்தம் உறைவது அதிகம். அப்படி வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவக்கூடாது. மற்றபடி சொந்தக்காரர் சொல்லும் எண்ணெய்த் தடவலில் பிழையில்லை, அவருக்குச் சுகமாக இருந்தால் செய்யுங்கள். உள்ளுக்குக் கொடுக்கும் கஷாயத்தையும் பஸ்பத்தையும்தான் வேண்டாம் என்கிறேன். ஈரலைக் கெடுக்கலாம், வலிப்பு மருந்தின் வேலையை மாற்றலாம். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும், சீனி ஏறியிருந்தால் மட்டும் அளவாக. தண்ணீரோ சொதியோ குடிக்கும்போது இருமினால் கஞ்சி, உழுத்தங்களி போலக் கட்டியானதை நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள். பின்னால் நாள் முழுவதும் தூங்கத் தொடங்கும் காலத்தில் வற்புறுத்தி ஊட்டாதீர்கள். சாப்பிடாததால் அவர் போவதில்லை, உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கும்.

அப்புறம் மகரகம. அவர் எடுத்த சிகிச்சைதான் இந்த நோய்க்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் முதல் சிகிச்சை. 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கரண்டோடு டெமோசோலமைட் சேர்த்தபோது நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. ஆகவே நீங்கள் எதையோ தவறவிட்டதால் கட்டி திரும்பவில்லை, இதன் குணமே அது. திரும்பியபின் சிலருக்கு இரண்டாவது ஒப்பரேஷனோ வேறு கீமோவோ செய்வார்கள், ஆனால் எழுந்து நடமாடும் நிலையில் இருப்பவருக்குத்தான் அதில் நன்மை அதிகம். பெவாசிசுமாப் என்ற ஊசி வீக்கத்தைக் குறைக்கும், டெக்ஸாவைக் குறைக்கவும் உதவும். ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகளில் காணவில்லை. அதற்காகக் காணியை ஈடு வைக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

விஷயத்தைச் சொல்வதை இனித் தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், "டொக்டர் என்ன சொன்னவர் என்று உங்களுக்கு விளங்கினதா? இன்னும் தெரியவேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் முன்பே ஊகித்திருப்பார்கள், உங்களுக்காக மௌனமாக இருப்பார்கள். இந்த நோயில் உயிருக்கு முன்னால் பேச்சும் யோசனையும் போய்விடுவதுண்டு. காணி உறுதி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது எல்லாம் அதற்குள் முடியவேண்டும். நொத்தாரிசை வீட்டுக்கே கூப்பிடலாம்.

மகரகமவுக்கு அவரை இப்போதே வான் வண்டியில் ஏற்றி இரவு முழுவதும் குலுக்கவேண்டாம். புதிய எம்.ஆர்.ஐ. சீடியையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தில் ஒருவர் போய்க் கேட்டுவரட்டும். செய்வதற்கு ஒன்று உண்டு என்றால் அப்போது கொண்டுபோகலாம். டெக்ஸா குறைப்பதையும் வலி மருந்தையும் திருகோணமலையிலேயே பார்க்கலாம். புற்றுநோய்ப் பிரிவுதான் வேண்டும் என்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மகரகமவைவிடக் கிட்ட.