ரேடியோ அயோடின் சிகிச்சை முடிந்து வீடு வந்த மனைவி: மருத்துவமனை எதை எழுதித் தந்திருக்க வேண்டும்?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவிக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியோ அயோடின் என்ற கதிர்வீச்சு மருந்து 100 மில்லிக்யூரி (கதிரியக்க மருந்தை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். மறுநாள் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். "கொஞ்சம் தள்ளி இருங்க" என்று நர்ஸ் சொன்னதோடு சரி. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் நாலு ராத்திரி அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தாள். இப்போது விஷயம் தெரிந்து அழுதுகொண்டே இருக்கிறாள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் கெட்டுவிட்டது, காலி செய்யுங்கள் என்று தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். மருத்துவமனையில் கேட்டால் "எல்லாம் ரூல்ஸ்படிதான்" என்கிறார்கள். பேப்பர் தர மறுக்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் பாதி, கைக்காசு பாதி என்று கட்டினோம். கேஸ் போடலாமா?

பதில்: போடலாம் ஐயா. ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு எண் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். உங்கள் மனைவி வார்டை விட்டு வெளியேறிய நேரத்தில், அவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த சர்வே மீட்டர், அதாவது கதிர்வீச்சை அளக்கும் கருவி, என்ன காட்டியது? வழக்கில் எழும் முதல் கேள்வி அதுதான்.

இந்த மருந்தை நினைத்த ஆஸ்பத்திரி வாங்கி நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துவது மும்பை அணுசக்தி நகரில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். வாரியத்தின் அனுமதி வேண்டும். கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வாரியத்தின் ஒப்புதலோடு பணியில் இருக்க வேண்டும். உள்நோயாளியாக வைத்துப் பெரிய டோஸ் கொடுக்கிற இடத்தில் தனி வார்டும் தனிக் கழிப்பறையும், கழிவுநீரைத் தேக்கி வைத்து வீரியம் குறைந்த பிறகே வெளியே விடும் தொட்டியும் வேண்டும். டோஸ் 30 மில்லிக்யூரியைத் தாண்டினால் நோயாளியை உள்ளே வைத்தாக வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் கதிர்வீச்சு அளவு மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட்டுக்கு (உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு) கீழே வந்த பிறகுதான் வெளியே விடலாம்.

அதனால் "மறுநாளே அனுப்பிவிட்டார்கள்" என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டவர் உடம்பில் அயோடின் அதிகம் தங்குவதில்லை. பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். ஒரு நாளில் 50க்குக் கீழே இறங்கியிருக்கவும் கூடும். அளந்தார்களா, அளந்ததை எழுதினார்களா என்பதுதான் கேள்வி. எழுதியிருந்தால் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இருக்கக் கூடாது.

என் பார்வையில் உங்கள் வழக்கின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 50 என்ற அளவு, வீட்டுக்குப் போன பிறகும் நோயாளி சில நாள் ஒதுங்கி இருப்பார் என்பதை நம்பி வைத்த அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கான வரம்பு 1 மில்லிசீவெர்ட், அதாவது 1000 மைக்ரோசீவெர்ட். மணிக்கு 50 என்றால், அந்த அளவு குறையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டரில் 20 மணி நேரத்திலேயே அந்த வரம்பு எட்டிவிடும். ஒரே பாயில் படுத்தால் தூரம் ஒரு மீட்டர்கூட இல்லை. இரண்டு மீட்டர் தள்ளிப் படுத்தால் ஒரு மீட்டரில் இருப்பதில் கால் பங்காகக் குறையும். இவ்வளவு வித்தியாசம் செய்கிற ஒரு செய்தியைப் போகிற போக்கில் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவது எந்த வகையிலும் போதாது. வீட்டில் கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா, தனி அறை உண்டா என்று மருந்து கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். எத்தனை நாள் தனியாகப் படுக்க வேண்டும், தட்டு, டம்ளர், துணியை எப்படிப் பிரிக்க வேண்டும், கழிப்பறையில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் உங்கள் மகள் அந்த ஒரு வாரம் மாமியார் வீட்டிலேயே இருந்திருப்பாள். அவ்வளவு எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய விஷயம் இது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். சட்டம் போட்ட வரம்பு எச்சரிக்கைக்காகப் போட்டது. அதைத் தாண்டினாலே குழந்தைக்குப் பாதிப்பு என்று அர்த்தம் இல்லை. வயிற்றுக் குழந்தையின் தைராய்டு மூன்றாம் மாத முடிவிலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும் என்பதால், எச்சில், வியர்வை வழியாக ஏதாவது உள்ளே போனதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இன்றே எல்லாவற்றையும் சொல்லட்டும். பிறந்ததும் குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். எத்தனை மணி நேரம், எவ்வளவு அருகில் என்பதை நினைவில் இருக்கும்போதே தேதிவாரியாக எழுதி வையுங்கள். மகளுக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டு எழுத்தில் தரும்படி மருத்துவமனையின் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள்.

இனி பேப்பர். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்; உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம். உங்கள் மனைவி கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பட்டும். கொடுத்த டோஸ், கொடுத்த நேரம், டிஸ்சார்ஜ் நேரத்தில் எடுத்த அளவு, அளந்தவர் பெயர், சம்மதப் படிவம், எழுதித் தந்த அறிவுரை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "எல்லா ரெக்கார்டும் தாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் மட்டும் வரும். சம்மதப் படிவத்தை விட்டுவிடாதீர்கள். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், போதுமான தகவலைச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று தெளிவாக்கியிருக்கிறது.

அதே வாரத்தில் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் புகார் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், அந்த மருத்துவமனைக்கு இந்தச் சிகிச்சைக்கு அனுமதி நடப்பில் இருக்கிறதா, தனி வார்டில் எத்தனை படுக்கைக்கு ஒப்புதல் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வாரியம் நஷ்டஈடு வாங்கித் தராது. ஆனால் அதன் ஆய்வுக்கு மருத்துவமனை அஞ்சும். தராமல் வைத்திருக்கிற ஏடுகள் வெளியே வருவதும் பல நேரம் அதனால்தான்.

நஷ்டஈட்டுக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. காப்பீட்டுப் பணம் என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று வாதிடுவார்கள். 1995ஆம் ஆண்டு வி. பி. சாந்தா தீர்ப்பு அதற்கு இடம் வைக்கவில்லை. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது கட்டணச் சேவைதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவைக் குறைபாடு" என்பதற்குள், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. மனுதாரர் உங்கள் மனைவி. மகள் அங்கே நோயாளி அல்ல என்பதால் அவர் கோரிக்கையை இதில் சேர்த்துக் குழப்ப வேண்டாம். குழந்தை பிறந்து பரிசோதனை முடிவு வரட்டும். தேவைப்பட்டால் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற வழி தனியாக இருக்கிறது, காலக்கெடுவை அப்போதே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம் சீக்கிரம் முடியும். இந்த மருந்தில் இருக்கும் அயோடின் 131இன் அரை ஆயுள் 8 நாள், அதாவது 8 நாளுக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். மூன்று வாரம் ஆகிவிட்டது. உடம்பிலிருந்து எதுவுமே வெளியேறவில்லை என்று வைத்தாலும் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். உண்மையில் அதைவிட மிகக் குறைவு. மருத்துவமனையில் ஒருமுறை அளந்து, இன்றைய அளவை லெட்டர்பேடில் வாங்கி அவர் கையில் கொடுங்கள். அவரும் பயத்தில் செய்கிறவர்தான், முதலில் பேசிப் பாருங்கள். கேட்காவிட்டால், தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் நோய் என்பது காலி செய்யச் சொல்லும் காரணமே இல்லை, தண்ணீரை நிறுத்த அவருக்கு உரிமையும் இல்லை. வாடகை அதிகார அமைப்பில் மனுக் கொடுக்கலாம். வாடகையை மட்டும் ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள், வங்கி வழியாகவே கட்டுங்கள்.

கேஸ் நடக்கிறது என்பதற்காக உங்கள் மனைவியின் அடுத்த ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ தள்ளிப்போட வேண்டாம். அங்கே போக மனமில்லை என்றால், கேட்டு வாங்கிய அதே ஆவணங்களோடு வேறு அணு மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். கொடுத்த டோஸும் தேதியும் அங்குள்ள டாக்டருக்கும் தேவைப்படும்.