சாதாரண அரட்டைச் செயலிகூட ஏன் இவ்வளவு ரேம் எடுத்துக்கொள்கிறது?

கணினியில் நிறுவும் ஸ்லாக், டிஸ்கார்ட் போன்ற செயலிகள் தனி மென்பொருளாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அவை எலக்ட்ரான் என்னும் கட்டமைப்புக்குள் ஓடும் வலைப்பக்கங்களே. கிட்ஹப் நிறுவனம் தனது ஆட்டம் (Atom) என்னும் நிரல் எழுதும் எடிட்டருக்காக 2013இல் உருவாக்கத் தொடங்கிய இக்கட்டமைப்பு, கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவியையே ஒவ்வொரு செயலிக்குள்ளும் வைத்துத் தருகிறது. ஒரே ஊருக்குப் போகும் பயணிகள் ஆளுக்கொரு பேருந்தை வாடகைக்கு எடுப்பதைப் போன்றது இது. மூன்று செயலிகளைத் திறந்தால் மூன்று உலாவிகள் ஓடும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் வலைப்பக்க மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரே நிரல் போதும் என்பதால் நிறுவனத்துக்குச் செலவு மிச்சமாகிறது. அந்தச் செலவைப் பயனரின் ரேம் சுமக்கிறது என்பதே நிரலராக என் கருத்து. ஆயினும் இதை வெறும் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க மாட்டேன், ஏனெனில் இவ்வழி இல்லாவிட்டால் லினக்ஸ் பயனர்களுக்குப் பல செயலிகள் கிடைத்தே இருக்காது. (நிரல் எழுத நான் நாள்தோறும் பயன்படுத்தும் விஎஸ் கோட் எடிட்டரும் எலக்ட்ரான்தான்.)

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஒரே செயலியின் பெயர் ஐந்தாறு முறை வருவதைக் கண்டு வைரஸோ என்று பலர் அஞ்சுகிறார்கள். சாளரம், கிராஃபிக்ஸ், இணையத் தொடர்பு ஆகியவற்றைக் குரோமியம் தனித்தனிச் செயல்முறைகளாக இயக்குவதே பொதுவாக அதற்குக் காரணம்.